இல்லமும் நிழற்படமும்

தமிழர் இல்லத்தை அடையாளம் கண்டுகொள்ள வாயிலில் இட்ட கோலம் ஒன்றே போதும். உள்ளே நுழைந்தபின் இன்னும் ஓர் அடையாளம் உண்டு. முன்கூடத்துச் சுவரில், தெய்வப் படங்களுக்குச் சற்றுத் தள்ளி, சந்தனப் பொட்டும் மாலையும் ஏற்று நம்மை நோக்கியிருக்கும் முன்னோர் படங்களே அந்த அடையாளம். கொல்கத்தாவாயினும் நாகபுரியாயினும் ஜாம்ஷெட்பூராயினும், இரண்டே அறைகள் கொண்ட சிறு குடியிருப்பாயினும், அப்படங்களுக்கென்று சுவரில் ஓர் ஆணி இருக்கத்தான் செய்கிறது.

சொந்த ஊரில் வாழ்பவர்க்குப் பாட்டனாரை நினைவூட்டப் பல பொருள்கள் உள்ளன. அவர் வெட்டிய கிணறு, நட்ட மாமரம், சாய்ந்திருந்த திண்ணைத் தூண், அவரைப் பற்றிக் கதை சொல்லும் அண்டை வீட்டார் என எத்தனையோ உண்டு. இவற்றுள் எதனையும் மூட்டை கட்டி ரயிலேற்றிக் கொணர முடியாது. பிழைப்பை நாடி வெளிமாநிலம் வந்த நம்மவர் தம்மோடு கொண்டுவர முடிந்த குடும்பச் சொத்து, பல வீடுகளில், ஒரு நிழற்படம்தான். ஊரிலுள்ளோர்க்கு அது சுவருக்கு அழகாக இருக்கலாம். நமக்கோ அதுவே கிணறு, அதுவே மரம், அதுவே திண்ணை. அச்சொத்தை நாம் எவ்வாறு பேணி வருகிறோம் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

காமிராவின் முன் அமர்ந்த கதை

ஒளியைக் கொண்டு உருவத்தைப் பதிக்கும் கலை, தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட முறையின் வாயிலாக 1839-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே அது கல்கத்தா நகரை எட்டிவிட்டது. 1856-இல் சென்னையில் நிழற்படக் கலைக்கென ஒரு கழகம் தோன்றியது. 1858-இல் லினேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். எனினும் கோபுரங்களுக்கும் அரசர்களுக்கும் முதலில் கிடைத்த அப்பேறு, எளிய குடிமக்களுக்கு விரைவில் கிட்டவில்லை. இருபதாம் நூற்றாண்டில் சிறு நகரங்களிலும் ஸ்டுடியோக்கள் பெருகிய பின்னரே நடுத்தரக் குடும்பங்கள் காமிராவின் முன் அமர்ந்தன.

அவ்வாறு அமர்வது ஒரு திருவிழாவைப் போன்றது. பின்னால் மாளிகைத் தூணும் பூந்தோட்டமும் தீட்டிய திரை. பக்கத்தில் பூச்சாடி வைத்த முக்காலி. கோட்டும் கைக்கடிகாரமும் இல்லாதவர்க்கு ஸ்டுடியோக்காரரே இரவல் தருவதும் உண்டு. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தவர் "அசையாதீர்கள்" என்றதும், மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். நம் கொள்ளுப் பாட்டனார்கள் படங்களில் சற்றுக் கோபக்காரராகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். உண்மையில் அவர்கள் கோபம் கொண்டிருக்கவில்லை, அஞ்சியிருந்தார்கள்!

பெண்மணிகளின் படங்கள் இன்னும் அரியவை. படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் ஒருபுறம். அயலார் முன் நிற்கும் கூச்சம் மறுபுறம். திரைமறைவில் வாழ்ந்த மகளிர்க்கென்றே 1892-இல் லாலா தீன் தயாள் ஐதராபாத்தில் தனி ஸ்டுடியோ அமைத்து, அதை நடத்த ஆங்கில மாது ஒருவரை அமர்த்தினார். அவ்வசதி நம் ஊர்ப்புறங்களில் ஏது? ஆகவே வாழ்நாளில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளாமலே மறைந்தவர்களை நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, சுற்றத்தார் சூழ்ந்து நின்று கடைசிப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. சில வீடுகளில், எவருடைய திருமணத்திலோ எடுத்த குழுப்படத்திலிருந்து பாட்டியின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஓவியரைக் கொண்டு நகையும் புடவைக் கரையும் தீட்டி, பாட்டனாரின் படத்தருகே வைத்திருப்பார்கள். ஒரு சுவரில் பாட்டியின் படம் இருக்கிறதென்றால், அதைப் பெற அக்குடும்பம் பட்ட பாடு சிறிதன்று.

இவர் யார்?

இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற படங்கள் இன்று எந்நிலையில் உள்ளன?

எங்கள் ரயில்வே காலனியில் சென்ற ஆண்டு ஒரு மூதாட்டியார் காலமானார். காரியங்கள் முடிந்தபின் மக்கள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தனர். பட்டுப் புடவைக்கு அடியில், கனத்த அட்டையில் ஒட்டிய குழுப்படம் ஒன்று கிடைத்தது. அதில் பதினான்கு பேர் இருந்தனர். அறுபது வயதைக் கடந்த மூத்த மகன், சிறுமியாக நிற்கும் தம் தாயாரைக் கண்டுகொண்டார். பாட்டனாரையும் பாட்டியாரையும் தாய்மாமன் ஒருவரையும் சுட்டிக் காட்டினார். அதற்கு மேல் அவராலும் இயலவில்லை. ஓரத்தில் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு, இரட்டைப் பின்னலோடு ஒரு பெண் குழந்தை நிற்கிறது. அது யாருடைய குழந்தை? ஊரிலுள்ள சிற்றன்னையாருக்குப் படத்தை அனுப்பிக் கேட்டனர். அவரோ அப்படம் எடுத்தபின் பிறந்தவர்.

நால்வர் உறவினராயினர், பதின்மர் அந்நியராயினர். பெட்டிக்கு உரியவர் உயிரோடிருந்த வரையில் பதினான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். கேட்பவர்தாம் இல்லை. எல்லாருமாகப் படத்தைக் கூடத்தில் மாட்டியபோது, அவ்வீட்டின் பேத்தி ஒருத்தி, "பெயர் தெரியாதவர்களை எப்படித் தாத்தா கும்பிடுவது?" என்று கேட்டாள். அங்கிருந்தோர் எவரும் விடை கூறவில்லை.

பார்சல் அலுவலகத்தில் பணியாற்றும் எம் போன்றோர் நாள்தோறும் காணும் உண்மை ஒன்றுண்டு. மூட்டையை எவ்வளவு உறுதியாகக் கட்டியிருந்தாலும், மேலே ஒட்டிய சீட்டு கிழிந்துபோனால் அது உரியவரைச் சேர்வது அரிது. சில காலம் கிடங்கில் கிடக்கும். பின்னர் ஏலத்திற்குப் போகும். பெயரில்லாத நிழற்படமும் அத்தகையதே. இரண்டு தலைமுறை பெட்டியில் கிடக்கும். மூன்றாம் தலைமுறை வீடு மாற்றும்போது பழைய காகிதத்தோடு போய்விடும்.

கல்லில் எழுதிய மரபு

இறந்தாரை நினைவில் நிறுத்துதல் தமிழர்க்குப் புதிதன்று. இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களைக் கூறுமிடத்து வள்ளுவர் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். போரில் வீழ்ந்தவர்க்கு நம் முன்னோர் நடுகல் நாட்டினர்.

2006-ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தனர். அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அவற்றுள் ஒன்றில் ஒரு வீரனின் பெயர் இருக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது, ஆநிரை கவரும் பூசலில் அவன் மாண்டான் என்ற செய்தியும் இருக்கிறது. உருவம் மட்டும் இல்லை. ஆயினும் அந்தவன் என்னும் அவ்வீரனை இன்று நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம்.

நம் நிலையோ இதற்கு நேர்மாறானது. மூக்குத்தியின் கல் வரையில் தெளிவாகத் தெரியும் உருவம் நம்மிடம் இருக்கிறது. பெயரோ அறுபது ஆண்டுகள்கூட நிலைப்பதில்லை! உளி கொண்டு கல்லில் எழுதியவர்களின் வழிவந்த நாம், பென்சில் கொண்டு ஓர் அட்டையில் எழுதச் சோம்பலாமா?

எழுதும் முறை எளிது. பள்ளிக்கூடக் குழுப்படங்களில் காண்பது போல, நிற்பவர், அமர்ந்தவர், தரையில் இருப்பவர் என வரிசை பிரித்து, இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுத வேண்டும். பெயரோடு உறவுமுறை, ஊர், படமெடுத்த சமயம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பனவும் வேண்டும். 'பாட்டி' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. நமக்குப் பாட்டி நம் பேரனுக்குப் பாட்டியல்லர். பழைய காகிதப் படமாயின் பின்புறத்து ஓரத்தில் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதலாம். பந்துமுனைப் பேனா ஆகாது. அதன் தடம் முன்புறம் முகத்தின்மேல் தெரியும். வழவழப்பான பிற்காலப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்குத் தனித்தாளில் எழுதிச் சேர்த்து வைத்தலே நன்று.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எழுதினால் பிள்ளைகள் படிப்பார்களா என்பதே அது. இந்தியோ வங்காளமோ ஆங்கிலமோ, அவர்கள் படிக்கும் எழுத்திலும் பெயர்களை எழுதுங்கள், குற்றமில்லை. ஆனால் தமிழில் முதலில் எழுதுங்கள். கொள்ளுப் பாட்டியின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அதைவிடச் சிறந்த அரிச்சுவடி வேறில்லை.

பேணும் முறை

பெயர் நிலைத்தாலும் படம் நிலைக்க வேண்டுமே! கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் நுண்ணிய வெள்ளித் துகள்களால் ஆனது. முறையாகக் கழுவப்பட்டிருந்தால் அது நூறாண்டும் தாங்கும். வண்ணப் படமோ சாயங்களால் ஆனது. வெயில் படாவிட்டாலும் நாளடைவில் வெளுக்கும். 1970, 1980-ஆம் ஆண்டுகளில் எடுத்த திருமணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து மங்கியிருப்பதைக் காணலாம். ஆகவே பழமையான பாட்டனார் படத்திற்கு முன்னதாக, நம் பெற்றோரின் வண்ணப் படங்களைப் படியெடுத்தல் வேண்டும்.

நேர் வெயில் விழும் சுவரும், மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரும், விளக்குப் புகையும் அடுப்புப் புகையும் எட்டும் இடமும் படத்திற்குப் பகை. கண்ணாடி படத்தின்மேல் நேரே படிந்திருந்தால், ஈரக் காற்றில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடையில் அட்டைக் கரை ஒன்று வைத்துச் சட்டமிட வேண்டும். ஏற்கெனவே ஒட்டிவிட்ட படத்தைப் பிய்க்க முயலலாகாது. முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு வைத்தே படியெடுத்துக்கொள்க. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின்மேல் இருக்கட்டும். நாள்கிழமைகளில் துடைக்கும்போது துணியை நன்கு பிழிந்துகொள்க. வழிந்த நீர் சட்டத்தின் கீழ்விளிம்பில் புகுந்து, படத்தின் அடிப்பாகத்தை அரித்துவிடும்.

ஒட்டும் பசைத் தாள்கள் கொண்ட ஆல்பங்களில் பழைய படங்களை வைக்க வேண்டா. அப்பசை காலப்போக்கில் மஞ்சள் பூத்துப் படத்தைக் கெடுக்கிறது. எல்லாவற்றினும் நல்ல வழி, படியெடுத்த படத்தைச் சுவரில் மாட்டி, மூலப் படத்தைக் காகித உறையிலிட்டு ஈரமில்லாத அலமாரியில் வைப்பதேயாகும்.

ஸ்டுடியோவில் நெகடிவ் இருக்கும், மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுவதற்கும் இனி இடமில்லை. கொல்கத்தாவில் நூறாண்டுகளுக்கு மேல் நடைபெற்ற புகழ்மிக்க போர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டுடியோவின் சேமிப்பில் பெரும்பகுதி 1991-இல் தீக்கிரையாயிற்று. 2016-இல் அந்நிறுவனமும் மூடப்பட்டது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களை ஆயிரக்கணக்கில் படியெடுத்துக் காத்துள்ளனர். அது பெருந்தொண்டு. ஆயினும் படியெடுத்த முகங்களுக்கு உரிய பெயர்களைச் சொல்லக்கூடியவர் அந்தந்த வீட்டாரேயன்றோ?

இன்றைய கடமை

இன்று ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது. ஒரு பிறந்தநாளில் இருநூறு படங்கள் எடுக்கிறோம். கைப்பேசி நீரில் விழுந்தால் இருநூறும் நீரோடு போகின்றன. நம் முன்னோர் வாழ்நாளில் ஒரு படம் எடுத்து அதை நான்கு தலைமுறைக்கு வைத்துச் சென்றனர். நாம் ஆயிரம் எடுத்து எதனை வைத்துச் செல்கிறோம்? ஆண்டுக்கு ஒரு படத்தையேனும் நல்ல தாளில் அச்சிட்டு, பெயர் எழுதிச் சுவரில் மாட்டினால், ஒரு தலைமுறைக்குள் குடும்ப வரலாறே உருவாகிவிடும். மறைந்தவர்க்கே சுவரில் இடம் என்ற எண்ணமும் மாற வேண்டும். மாலையிடாமல், உயிரோடிருக்கும் பெரியோரின் படத்தையும் குழந்தைகள் காணும்படி மாட்டுவோம். அவர்கள் மகிழ்வதை நாமும் கண்ணால் காணலாமே!

நம் சங்கத்தின் அடுத்த பொங்கல் விழாவில் இதற்கென ஒரு மேசை ஒதுக்கலாம் என்பது என் விண்ணப்பம். குடும்பத்துக்கு ஒரு பழைய படத்தை அன்பர்கள் எடுத்து வரட்டும். வீட்டுப் பெரியவரையும் அழைத்து வரட்டும். பெரியவர் பெயர் சொல்ல, இளைஞர் படியெடுக்க, கையெழுத்து நன்றாயிருக்கும் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு பென்சில் ஆகியவற்றைத் தவிர இதற்குச் செலவொன்றுமில்லை.

பொங்கல் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. எண்பதைக் கடந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருப்பாராயின், இந்த ஞாயிற்றுக்கிழமையே படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அவர் மடியில் வைத்து, "இவர் யார்?" என்று கேளுங்கள்.