பழைய மதிப்பெண் எங்கே தடுக்கும், எங்கே தடுக்காது?

பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ மதிப்பெண் குறைந்துவிட்டால், பெயர் பெற்ற கல்வி நிறுவனங்களின் பக்கமே பல மாணவர்கள் திரும்புவதில்லை. “இந்த மார்க்கை வைத்துக்கொண்டு அங்கே எப்படி?” என்று வீட்டிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த நிறுவனமும் அவர்களை நிராகரித்திருக்காது, விண்ணப்பித்தால்தானே நிராகரிப்பதற்கு? இந்த முடிவு பெரும்பாலும் விதிகளைப் படிக்காமல் எடுக்கப்படுகிறது. சேர்க்கையில் பழைய மதிப்பெண்ணுக்கு மூன்று விதமான வேலைகள் உண்டு. ஓரிடத்தில் அது உள்ளே விடுவதற்கான குறைந்தபட்சத் தகுதி. இன்னோரிடத்தில் தரவரிசையை உருவாக்கும் கணக்கின் ஒரு பகுதி. வேறோரிடத்தில், இருவர் சமமாக நின்றால் பிரித்துக் காட்டும் அளவுகோல். தனக்கு வேண்டிய படிப்பில் அது எந்த வேலையைச் செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஆசையைக் கைவிடுவது, மாணவர் தனக்கே செய்துகொள்ளும் அநீதி.

ஐஐடி சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65 சதவீதம் போதும். அதுவும் இல்லாதவர், தம் பாடத்திட்ட வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 பெர்சன்டைலுக்குள் இருந்தால் தகுதி பெறுகிறார். அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் 76-க்கும் 99-க்கும் வேறுபாடு கிடையாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வின் தரவரிசைதான் இடத்தைத் தீர்மானிக்கும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வில் இந்த எல்லை இன்னும் கீழே, 45 சதவீதத்தில் நிற்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் அழுத்தமான சான்று. 2021-ல் அங்குள்ள சில கல்லூரிகள் சில படிப்புகளுக்கு 100 சதவீதத்தையே கட் ஆஃபாக அறிவித்தன. அடுத்த ஆண்டே கியூட் நுழைவுத்தேர்வு வந்தது. அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண் தகுதியாகவும், சமநிலையைப் பிரிக்கும் அளவுகோலாகவும் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. மாணவரின் திறமை ஓராண்டில் மாறவில்லை, விதி மாறியது. அண்ணன் சேர்ந்த காலத்துக் கணக்கைத் தம்பிக்குப் பொருத்திப் பார்ப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃப் குறைந்தால், விரும்பிய கல்லூரி கைநழுவத்தான் செய்யும். ஆனால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அந்த 200-க்குள் வருவதில்லை. மேலாண்மைப் படிப்பில் நிலைமை நேர்மாறு. பெங்களூரு ஐஐஎம் போன்றவை கேட் நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு ஆகியவற்றையும் எடைபோடுகின்றன. பதினைந்து வயதில் எழுதிய தேர்வு இருபத்திரண்டு வயதிலும் துரத்தும் இடம் இது. அங்கும்கூட இந்த எடை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஆகவே எல்லா ஐஐஎம்களையும் ஒரே தட்டில் வைத்து ஒதுக்கிவிடக் கூடாது. பழைய மதிப்பெண்ணுக்கு இவ்வளவு எடை தராத இடங்களும் உண்டு. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் தன் சொந்த நுழைவுத்தேர்வை நம்பி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்போ ஜேஇஇ கேட்பதில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, ஒப்படைப்புகளை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் அதில் சேரலாம்.

பழைய மதிப்பெண் குறைவு என்றால் அடிப்படையே பலவீனம்தானே, உள்ளே போனாலும் தடுமாற மாட்டார்களா என்ற கேள்வி எழும். இது நியாயமான கேள்வி. அடிப்படை ஆட்டம் கண்டிருந்தால் அதைச் சரிசெய்யாமல் முன்னேற முடியாது. ஆனால் மதிப்பெண் திறமையை மட்டும் அளப்பதில்லை. ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டு நெருக்கடி, பயிற்று மொழி மாற்றம் எல்லாம் அதற்குள் கலந்திருக்கின்றன. இங்கிலாந்தில் உயர்கல்வி நிதி மன்றம் 2014-ல் வெளியிட்ட ஆய்வு, பள்ளி இறுதியில் ஒரே தரநிலை பெற்றவர்களில், அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தனியார் பள்ளியில் படித்தவர்களைவிடப் பட்டப்படிப்பில் பொதுவாக மேலான முடிவைப் பெற்றதைக் காட்டியது. தமிழக அரசு 2020-ல் மருத்துவப் படிப்பிலும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்ததன் அடிப்படையும் இதே புரிதல்தான்.

நுழைவுத்தேர்வைப் புகழ்வது பயிற்சி மையங்களுக்குக் கொடிபிடிப்பதாகாதா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கவலை உண்மையானது. பணமுள்ளவருக்கே பயிற்சி கிட்டும் என்ற கவலையால்தான் தமிழ்நாடு 2006-ல் சட்டம் இயற்றித் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வை நீக்கியது. நுழைவுத்தேர்வு மேலான முறை என்பது இக்கட்டுரையின் வாதம் அல்ல. ஒரு முறை மாணவருக்கு இரண்டாம் வாய்ப்பைத் தரும்போது, அதை அறியாமையால் இழக்கக் கூடாது என்பதே வாதம்.

அதேநேரம் வீண் நம்பிக்கை ஊட்டுவதும் கொடுமை. பழைய குறைவை ஈடுகட்டும் அண்மைச் சான்று கையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் சறுக்கியவர் பிளஸ் டூவில் ஏறியிருக்கிறாரா? நேரம் வைத்து எழுதிய மாதிரித் தேர்வுகளில் முந்தைய ஆண்டு கட் ஆஃபை நெருங்குகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்று பதில் வந்தால், ஓராண்டை வீணாக்காமல் கிடைத்த கல்லூரியில் சேர்ந்து, முதுநிலைப் படிப்புக்கு முதலில் விரும்பிய நிறுவனத்தைக் குறிவைக்கலாம். கட்டுரையும் நேர்காணலும் கேட்கும் நிறுவனங்களில், மதிப்பெண் குறைந்த காரணத்தை ஓரிரு வரியில் ஆதாரத்தோடு சொல்லிவிட்டு, அதன்பின் செய்ததை விரிவாக எழுத வேண்டும். எங்கே விண்ணப்பித்தாலும் இந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பெற்றோரும் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். அதில் இல்லாத தடையை வீடு போட வேண்டாம். அதில் உள்ள தடையை மறைக்கவும் வேண்டாம்.