சொல்லுக்குக் கட்டணம், தலைக்குக் கட்டணம்

தந்தி இருந்த காலத்தில் சொல்லை எண்ணிக் காசு வாங்கினார்கள். ஆகவே நாமும் சொல்லைச் சுருக்கினோம். நலம் விசாரிப்பு போயிற்று, மரியாதைச் சொல் போயிற்று, கடைசியில் "உடனே வா" மட்டும் மிஞ்சியது. அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிவுக்கு வந்தது. இன்று அலுவலகங்களில் செய்தி பரிமாறிக்கொள்ளப் பயன்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஆளை எண்ணுகின்றன. தலைக்கு மாதம் இவ்வளவு என்பதுதான் விலை. எதை எண்ணிக் காசு வாங்குகிறார்களோ அதைக் குறைக்கப் பார்ப்பது மனித இயல்பு. அன்று சொல் குறைந்தது; இன்று ஆள் குறைகிறார்.

நான் ஸ்ரீ விஜயபுரத்தில் (2024 செப்டம்பருக்கு முன் போர்ட் பிளேயர்) சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். "ஸ்லாக் வாங்கலாமா, டீம்ஸ் வாங்கலாமா, எது மலிவு?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி நம் தீவுகளில் எழுவதற்கே ஒரு காரணம் உண்டு. 2020 ஆகஸ்டு 10 அன்று சென்னைக்கும் நமக்கும் இடையே கடலடி ஒளியிழை வடம் தொடங்கி வைக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். தலைநகரோடு ஸ்வராஜ் தீவு (ஹேவ்லாக்), லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் அது இணைக்கிறது. அதற்கு முன் செயற்கைக்கோளை நம்பியிருந்தோம். ஒரு படம் அனுப்பவே பொறுமை வேண்டியிருந்தது. வடம் வந்த பிறகுதான் தலைமை அலுவலகமும் வெளித்தீவுக் கிளையும் ஒரே திரையில் பேசிக்கொள்வது நடைமுறைக்கு வந்தது.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு சுற்றுலா நிறுவனத்தில் 20 பேர் என்று வைத்துக்கொள்வோம். 8 பேர் மேசையில். 12 பேர் ஜெட்டியிலும், படகிலும், வண்டியிலும், சமையலறையிலும். 2022-ல் ஸ்லாக் தன் கட்டணத்தை உயர்த்தியபோது அதன் தொடக்கநிலைக் கட்டணத் திட்டத்துக்கு அறிவித்த அமெரிக்க விலை, ஆண்டுச் சந்தாவில் தலைக்கு மாதம் 7.25 டாலர், மாதச் சந்தாவில் 8.75 டாலர். ஆண்டுச் சந்தாவில் 20 பேருக்கு வருடத்துக்கு 1,740 டாலர் ஆகிறது. மைக்ரோசாஃப்ட் 2021 டிசம்பரில் சிறு நிறுவனங்களுக்காகக் கொண்டுவந்த டீம்ஸ் எசென்ஷியல்ஸ் திட்டம் தலைக்கு 4 டாலர். அதே 20 பேருக்கு 960 டாலர். இந்தியாவில் இவற்றோடு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கென்று ரூபாயில் தனி விலை உண்டா என்றும் கேட்க வேண்டும். நம் தமிழ்நாட்டு நிறுவனமான ஸோஹோவின் கிளிக் என்ற மென்பொருளுக்கு ரூபாயிலேயே விலை உண்டு. ஆகவே டாலர் ஏறி இறங்கும் கவலை இல்லை. விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

1,740 டாலரைப் பார்த்ததும் முதலாளி என்ன செய்கிறார்? மேசையில் இருக்கும் 8 பேருக்கு மட்டும் வாங்குகிறார். செலவு 696 டாலராகக் குறைகிறது. ஆனால் கடல் சீற்றத்தால் மறுநாள் காலைப் படகு ரத்து என்ற செய்தி யாருக்குப் போக வேண்டும்? ஜெட்டியில் பயணிகளோடு நிற்பவருக்குத்தானே! அவர் பட்டியலில் இல்லை. மிச்சம் பிடித்த 1,044 டாலர் இங்கேதான் கரையத் தொடங்குகிறது. முன்பணத்தைத் திருப்பித் தருவதிலும், அறை வாடகையிலும், வண்டிக் கூலியிலும் அது போய்விடும்.

ஆளைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வழிகள் உண்டு. ஒன்று, விருந்தினர் கணக்கு. ஸ்லாக்கின் கட்டணத் திட்டங்களில், ஒரே குழுவை மட்டும் பார்க்கும் விருந்தினரைக் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை தனிக்கட்டணமின்றிச் சேர்க்கலாம். இரண்டு, மொத்த விலை. பேஸ்கேம்ப் நிறுவனம் 2023-ல் எத்தனை பேரானாலும் மாதம் 299 டாலர் என்ற ஆண்டுத் திட்டம் வைத்திருந்தது. தலைக்கு 7.25 டாலரோடு ஒப்பிட்டால் 42 பேர் முதல்தான் அது லாபம். 20 பேருக்கு நஷ்டம். மூன்று, பருவ ஊழியர் கணக்கு. மழைக்காலத்தில் ஊர் திரும்பிவிடும் ஊழியருக்கு ஆண்டுச் சந்தா 87 டாலர். மாதச் சந்தாவில் ஆறு மாதத்துக்கு 52.50 டாலர்தான். பத்து மாதத்துக்குக் குறைவாக வேலை செய்பவருக்கு மாதச் சந்தாவே மலிவு. பயன்படுத்தாத கணக்குக்குப் பணத்தை வரவு வைக்கும் நிறுவனங்களும் உள்ளன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எல்லாம் எதற்கு, வாட்ஸ்அப் இலவசம்தானே?" என்பார்கள். இலவசம்தான். ஆனால் அங்கே கணக்கு ஊழியரின் சொந்த எண்ணில் இருக்கிறது. அவர் வேலையை விட்டால், வாடிக்கையாளரோடு பேசியது அவருடைய செல்பேசியோடு போய்விடும். இலவசத் திட்டங்களிலும் வரம்பு உண்டு. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாட்களின் செய்திகளே தெரியும். ஜனவரியில் பேசிய கட்டணத்தை மே மாதத்தில் தேடினால் கிடைக்காது. காசு கொடுத்தாலும் நிரந்தரம் என்பதில்லை. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, வொர்க்ப்ளேஸ் என்ற தன் அலுவலக மென்பொருளை மூடப்போவதாக 2024 மே மாதத்தில் அறிவித்தது. 2025 ஆகஸ்டு 31-க்குப் பின் அதில் புதிதாக எதையும் எழுத முடியாமல் போயிற்று. ஆகவே, "நம் பழைய செய்திகளை எடுத்துக்கொண்டு வெளியேற முடியுமா?" என்பதும் விலையைச் சேர்ந்த கேள்வியே.

ஸூலிப், மேட்டர்மோஸ்ட் போன்ற மென்பொருள்களை நம் சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆள், மின்தடைக்கு ஏற்பாடு, நகல் எடுத்து வைக்கும் ஒழுங்கு மூன்றும் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல் இதை இலவசம் என்று சொல்லக் கூடாது.

என் யோசனை எளியது. விலைப்பட்டியலைப் பிரிக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். படகு ரத்தானால் யாருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று பெயர்களை எழுதுங்கள். சமையல்காரர், ஓட்டுநர், படகோட்டி யாரையும் விடாதீர்கள். அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருட விலையைக் கேளுங்கள். பெயரை அடித்து விலையைக் குறைப்பதைவிட, எல்லாப் பெயர்களும் அடங்கும் விலையைத் தேடுவதே நம் தீவுத் தொழிலுக்கு ஏற்றது.