அணுவின் ஓட்டத்தைப் பிடிக்கும் ஒளி

நாச்சியாபுரத்துக்காரர்களுக்குப் பக்கத்துக் காரைக்குடி ‘சிக்ரி’ புதிதல்ல. வள்ளல் அழகப்பச் செட்டியார் வழங்கிய 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழும்பி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அது. பேட்டரி, துரு, மின்முலாம் என அங்கே ஆராயும் எதிலும் அடியில் நடப்பது ஒன்றுதான்: எலக்ட்ரான் இடம் மாறுகிறது, அணுக்களின் பிணைப்பு அறுகிறது அல்லது உருவாகிறது. ஒரு பிணைப்பு அறுவதற்குச் சில பத்து அல்லது சில நூறு ஃபெம்டோ நொடிகளே போதும். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஃபெம்டோ நொடி.

இதைப் படம்பிடிக்க, அணுவின் அளவுக்கு நுண்ணிய அலைநீளம் வேண்டும். அது எக்ஸ் கதிருக்கு உண்டு. அந்தக் கதிர் ஃபெம்டோ நொடிக் கணக்கில் மின்னி மறையவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது கட்டற்ற எலக்ட்ரான் லேசர்.

சாதாரண லேசரில் ஒளி இரு கண்ணாடிகளுக்கு இடையே போய்வந்து வலுப்பெறும். எக்ஸ் கதிரை அப்படித் திருப்புவது கடினம். ஒரே ஓட்டத்தில் வேலை முடிய வேண்டும். ஆகவே, ஒளிவேகத்தை நெருங்கிய எலக்ட்ரான் கொத்தை, வட, தென் துருவங்கள் மாறிமாறி அமைந்த நீண்ட காந்த வரிசைக்குள் விடுகிறார்கள். இந்தக் காந்த வரிசைக்கு அண்டுலேட்டர் என்று பெயர். எலக்ட்ரான்கள் நெளிந்தோடிக் கதிரை உமிழ்கின்றன. அந்தக் கதிரே திரும்ப எலக்ட்ரான்களைத் தள்ளி, ஓர் அலைநீள இடைவெளியில் மெல்லிய அடுக்குகளாக்கி, ஒத்து உமிழ வைக்கிறது. தேர் வடத்தை ஆளுக்கொரு நேரம் இழுத்தால் தேர் அசையாது. ஒரே மூச்சில் இழுத்தால் நகரும். ஆயிரம் எலக்ட்ரான்கள் தத்தம் போக்கில் உமிழ்ந்தால், ஒன்று தரும் ஒளியைப்போல் ஆயிரம் மடங்கு. ஒத்து உமிழ்ந்தால் பத்து லட்சம் மடங்கு.

கதிர் மின்னி மறையும் நேரத்தை, அதாவது துடிப்பைக் குறுக்க, கொத்தின் பின்வரிசைக்குச் சற்றுக் கூடுதல் ஆற்றல் கொடுத்து, காந்த வளைவுகளில் திருப்புவார்கள். ஆற்றல் மிக்கவை குறைவாக வளைந்து, குறுகிய வழியில் முன்வரிசையை எட்டிவிடும். கொத்து சுருங்கினால் துடிப்பும் சுருங்கும்.

இத்தகைய எக்ஸ் கதிர் லேசர் முதலில் 2009இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒளிர்ந்தது. 2011இல் ஜப்பானும், 2017இல் ஹாம்பர்க் அருகே 3.4 கிலோமீட்டர் நீளத்தில் ஐரோப்பாவும் தொடர்ந்தன. பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் துடிப்பு 0.28 ஃபெம்டோ நொடிவரை குறுகியது. இவ்வளவு கடுமையான கதிர் மாதிரியைச் சிதைத்துவிடும். ஆனால் சிதைவதற்குள் படம் பதிவாகிவிடும்.

இந்தியாவில் இந்தூர் ராஜா ராமண்ணா மையம் 2016இல் அகச்சிவப்புக் கட்டற்ற எலக்ட்ரான் லேசரை இயக்கிக் காட்டியது. எக்ஸ் கதிருக்கு இன்னும் வெளிநாடுதான். அங்கோ, பிற நாட்டு ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம்; திட்டத்தின் தரம் பார்த்தே நேரம் ஒதுக்குகிறார்கள். மின்வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் நல்ல கேள்வியோடு விண்ணப்பிக்க வேண்டும்.