வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த மொழி?

 

மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என அல்குர்ஆன் (30:22) கூறுகிறது. ஆகவே பிற மொழி படிப்பது வீண் வேலையல்ல.

நோயினாலோ, வேறு நிர்ப்பந்தங்களாலோ பிள்ளையை வீட்டில் வைத்தே படிப்பிக்கும் தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். (நம் நாட்டில் 2016 முதல் 5 வயது தொடக்கம் 16 வயது வரை கல்வி கட்டாயம். எனவே வலயக் கல்வி அலுவலகத்தில் முதலில் பேசிக் கொள்ளுங்கள்.) தமிழும் கணக்கும் எப்படியோ நடந்துவிடுகின்றன. சிங்களம் நாட்டின் மொழி. அதைத் தவிர்க்க முடியாது. அந்நிய மொழி என்று வரும்போதுதான் தடுமாற்றம். "மௌலவி, ஆங்கிலமா, அரபியா? யாரிடம் படிப்பிப்பது?" என்று கேட்கிறார்கள்.

எதற்காக?

நபி (ஸல்) அவர்கள் யூதர்களின் எழுத்தைப் படிக்குமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். கடிதங்களை வாசிக்கவும் எழுதவுமே அது தேவைப்பட்டது. அரை மாதத்துக்குள் அவர் அதைக் கற்றுக் கொண்டதாகத் திர்மிதியில் வருகிறது. நோக்கம் தெளிவாக இருந்தது. உங்கள் பிள்ளைக்கும் முதலில் நோக்கத்தை முடிவு செய்யுங்கள். மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் என்றால் ஆங்கிலம். ஓதுவதை விளங்க வேண்டும் என்றால் அரபு. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்பது ஒரு நோக்கமாகாது.

யாருடைய நாவில் இருக்கிறது?

அக்கால மக்காவாசிகள் குழந்தைகளைப் பாலைவனக் கோத்திரங்களில் வளரவிட்டனர். நல்ல காற்றுக்காக மட்டுமல்ல, தூய அரபுக்காகவும்தான். நபியவர்கள் ஹலீமா (ரலி) அவர்களிடம் பனூ ஸஃத் கோத்திரத்தில் வளர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். மொழி முதலில் காதால் வருகிறது.

சவூதியிலும் குவைத்திலும் வீட்டு வேலை செய்து திரும்பிய உம்மாமார் பலர் சரளமாக அரபு பேசுவார்கள். ஆனால் பிள்ளையின் முன் வாய் திறப்பதில்லை. "எங்கட அரபு குசினி அரபு மௌலவி" என்று வெட்கப்படுகிறார்கள். சகோதரியே! வெயிலிலும் கண்ணீரிலும் நீங்கள் உழைத்த பணம் வீடாக நிற்கிறது. அந்த மொழியும் உங்கள் உழைப்புத்தான். அதை ஏன் பூட்டி வைக்கிறீர்கள்? "ஷ்லோனக்" என்று நீங்கள் கேட்பது புத்தகத்தில் "கைஃப ஹாலுக" என்றிருக்கும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளை விரைவில் விளங்கிக் கொள்ளும். ஐன், ளாத் போன்ற தமிழில் இல்லாத ஒலிகளை எந்தப் புத்தகத்தாலும் ஊட்ட முடியாது. காதால் கேட்டே பழக வேண்டும்.

ஓதுவது வேறு, விளங்குவது வேறு

குர்ஆனை அழகாக ஓதும் பிள்ளைக்கு அரபு மொழி தெரியும் என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்துக் கூட்டுவது வாசல் மட்டுமே. ஆனால் வெறுங்கையோடு தொடங்குவதாகவும் எண்ண வேண்டாம். கிதாப், மக்தப், துன்யா, ஹயாத், மௌத், ஸபர் என்று நம் வீட்டுப் பேச்சிலேயே ஏராளமான சொற்கள் உள்ளன. கிதாப், மக்தப் இரண்டும் எழுதுதல் என்ற ஒரே மூலத்தில் பிறந்தவை எனக் காட்டுங்கள். பிள்ளை தானாகவே அடுத்த சொல்லைத் தேடும்.

புத்தகமும் ஆசிரியரும்

வாணியம்பாடியில் பிறந்து 2023இல் காலமான கலாநிதி வி. அப்துர் ரஹீம் அவர்களின் 'துரூஸுல் லுகதில் அரபிய்யா' மூன்று பாகங்கள் கொண்டது. மிக எளிய வசனங்களிலிருந்து படிப்படியாக ஏறுவது. அபுல் ஹஸன் அலி நத்வி அவர்களின் 'கஸஸுந் நபிய்யீன்' சிறுவருக்கென்றே எழுதப்பட்டது. அதில் ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் மனதில் தங்கும்.

நேரில் வருபவரானாலும் தொலைபேசி வழியாகப் படிப்பிப்பவரானாலும், முதல் வகுப்பில் நீங்களும் உட்காருங்கள். பாடம் முடிந்ததும் பிள்ளை எத்தனை வசனம் பேசியது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் மட்டுமே பேசியிருந்தால் வேறொருவரைத் தேடுங்கள். வினைச்சொல் அட்டவணைகளை மனனமிடுவது பிறகு வரட்டும்.

வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்தை விடத் தினமும் 20 நிமிடம் மேலானது. ஒரு மொழி கொஞ்சம் காலூன்றும் வரை இன்னொன்றைத் தொடங்காதீர்கள். ஆறு மாதம் இது, ஆறு மாதம் அது என்று மாற்றினால், பிள்ளை "எனக்கு மொழி வராது" என்ற ஒன்றையே படித்துக் கொள்ளும். க.பொ.த. சாதாரண தரத்தில் அரபு மொழி ஒரு பாடம். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்ற எண்ணினால் பாடத்திட்டத்தை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள்.

இன்றிரவு சோறு பரிமாறும் போது தண்ணீரை "மாஉ" என்று சொல்லிக் கொடுங்கள். பாடம் அங்கேயே ஆரம்பமாகட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக! ஆமீன்.