பணிவாய்ப்பில் மாற்றுத்திறனாளிகளின் பாகுபாட்டு வழக்குகள்: இயலாமையிலிருந்து நிறுவனக் கடமைக்கு

முன்னுரை

மாற்றுத்திறனாளிகளின் பணி தொடர்பான வழக்குகளில் நெடுங்காலம் எழுப்பப்பட்ட வினா, ‘இவரால் இப்பணியைச் செய்ய இயலுமா?’ என்பதாகும். ‘இவர் பணியாற்றுவதற்கு நிறுவனம் என்ன ஏற்பாடு செய்தது?’ என்பது இன்றைய வினா. இம்மாற்றத்தை இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மூன்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

1995-ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் உடற்குறை எய்திய அரசுப் பணியாளரைப் பணிநீக்கம் செய்வதைத் தடுத்தது. காலை இழந்த காவலர் ஒருவர் ஓய்வூதியத்துடன் விடுவிக்கப்பட்டார். ஓய்வூதியம் பெற்றதாலேயே இப்பாதுகாப்பை மறுக்க இயலாது என 2003-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. எனினும் இப்பிரிவு ஏற்கெனவே பணியில் இருந்தோரையே காத்தது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தேவையான தகவமைப்பு வசதியை மறுப்பதையே பாகுபாடு என வரையறுத்தது. அவ்வசதி நிறுவனத்திற்கு மிகைச்சுமையாதல் கூடாது என்பதே வரம்பு. 4 விழுக்காடு இடஒதுக்கீட்டிற்குக் குறைந்தது 40 விழுக்காடு குறைபாடு தேவை. பாகுபாட்டை விலக்கும் 20-ஆம் பிரிவில் அவ்வளவு குறிக்கப்படவில்லை. இவ்வேறுபாட்டை 2021-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தெளிவாக்கியது. எழுதும்போது கைத்தசை இறுகும் கோளாறுடைய குடிமைப்பணித் தேர்வர், அவ்வளவை எட்டாவிடினும் பதிலி எழுத்தரைப் பெறலாம் என அது உறுதிசெய்தது.

நிறக்குறைபாட்டு வழக்கு

தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் உதவிப் பொறியாளர் பணிக்கு விண்ணப்பித்த ஒருவருக்கு, மருத்துவச் சோதனையில் நிறக்குறைபாடு கண்டறியப்பட்டதால் பணி மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதனை நீக்கியது. நிறக்குறைபாடு சட்டத்தின் அட்டவணையில் இல்லை. ஆயினும் தகவமைப்பு வசதி அளிக்கும் கடமையைச் சுட்டி, அவரைப் பணியமர்த்துமாறு 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

முடிவுரை

மருத்துவச் சான்றிதழ் குறைபாட்டின் அளவையே காட்டும். பணியின் எக்கூறு இயலாது, எக்கூறை மாற்றியமைக்கலாம் என்பதை அது காட்டாது. எனவே, மாற்று ஏற்பாடுகளை ஆராய்ந்ததற்கான நிறுவனத்தின் பதிவுகளே இத்தகைய வழக்குகளில் முதன்மைச் சான்றாதல் வேண்டும். அப்பதிவு இல்லாத மறுப்பு, பாதுகாப்பின் பெயரால் கூறப்படினும் பாகுபாடாகவே எஞ்சும்.