புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி: பலரும் பாதியில் விட்டுவிடும் சிகிச்சை

கண்புரை அறுவை சிகிச்சையில் மங்கிப்போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளிலும் இலவச முகாம்களிலும் வைக்கப்படுவது பெரும்பாலும் ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவு தரும் லென்ஸ். வழக்கமாக அது தூரப் பார்வைக்கே கணக்கிடப்படுகிறது. எனவே படிக்க, ஊசி கோர்க்க, மாத்திரை அட்டையைப் பார்க்க ஏறத்தாழ இரண்டரை பவர் கண்ணாடி தேவைப்படுவது இயல்பு. ஆபரேஷன் கெட்டுவிட்டது என்பதற்கு அது அடையாளமே அல்ல.

செயற்கை லென்ஸ் பரவுவதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடாபுட்டிக் கண்ணாடி அணிந்தார்கள். 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம் குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு ஏழைகளுக்கும் அது கிடைத்தது. தடித்த கண்ணாடி மறைந்தது. ‘லென்ஸ் வைத்தால் கண்ணாடியே வேண்டாம்’ என்ற தவறான நம்பிக்கையும் அதோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது.

தனுஷ்கோடிக் கரையில் இந்த நம்பிக்கையால் பிழைப்பே கெடுகிறது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்றதென்று அறிவிக்கப்பட்ட அந்த ஊரில், இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. ஆபரேஷன் முடிந்த முதியவருக்குக் கடலில் நிற்கும் படகு தெளிவாகத் தெரியும். கையில் இருக்கும் வலையில் எந்தக் கண்ணி அறுந்தது, நைலான் நூல் வலை ஊசிக்குள் போனதா என்பது தெரியாது. சிப்பி மாலை கோர்க்கும் பெண்ணுக்குத் துளை தெரியாது. இருவரும் ‘கண் போனது போனதுதான்’ என்று வேலையை விட்டுவிடுகிறார்கள். தேவைப்பட்டது ஒரு கண்ணாடி மட்டுமே.

அடுத்த குழப்பம் கறுப்புக் கண்ணாடி. ஆபரேஷன் முடிந்ததும் தருவது வெயில், தூசி, மணலிலிருந்து கண்ணைக் காப்பதற்கு. அதில் பவர் கிடையாது. ‘முகாமிலேயே கண்ணாடி கொடுத்துவிட்டார்கள்’ என்று எண்ணி மாதக்கணக்கில் அதையே மாட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர். கறுப்புக் கண்ணாடி வேறு, பவர் கண்ணாடி வேறு.

பவர் பரிசோதனைக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. தையல் இல்லாமல் செய்தாலும் வெட்டிய இடம் ஆறும்வரை கருவிழியின் வளைவு மாறிக்கொண்டிருக்கும். இயந்திரத்தால் செய்யும் பேக்கோ முறையில் வெட்டு சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர்; முகாம்களில் பரவலாகச் செய்யப்படும் சிறு வெட்டு முறையில் 6 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். பெரிய வெட்டு நிலைபெற அதிக நாளாகும்; கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் ‘சிலிண்டர் பவர்’ உண்டாக வாய்ப்பும் கூடுதல். ஆகவே 4 முதல் 6 வாரம் கழித்துச் சோதிப்பதே முறை. பத்தாம் நாளே வாங்கிய கண்ணாடி பிறகு பொருந்தாமல் போகலாம். அந்த நாட்களில் கண்ணைத் தேய்ப்பதும், மருத்துவர் அனுமதிக்கும் முன் கடலிலோ தீர்த்தங்களிலோ தலை முழுகுவதும் கூடாது.

பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டிய முக்கியத் தாள் டிஸ்சார்ஜ் அட்டை. எந்தக் கண், எந்தத் தேதி, எந்த முறை என்பவற்றோடு, வைத்த லென்ஸின் பவரும் வரிசை எண்ணும் அதில் இருக்க வேண்டும். லென்ஸ் பெட்டியிலேயே ஒட்டும் சீட்டுகள் வருகின்றன; அதில் ஒன்றை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுக்கு வந்ததும் பலர் அட்டையை மாத்திரை உறையோடு தூக்கி எறிகிறார்கள். எறியவே கூடாது. இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்யும்போதும், பார்வை மறுபடி மங்கும்போதும் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். தொலைந்துவிட்டால் செய்த மருத்துவமனைக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை சொல்கிறது.

தனுஷ்கோடிக்காரர்களுக்கு அருகில் இருப்பது சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் ராமேஸ்வரம் அரசு மருத்துவமனை. பெரிய வசதிக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தில் இலவச ஆபரேஷன் என்பது தொடர் பரிசோதனையையும், தேவைப்பட்டால் கண்ணாடியையும் சேர்த்ததே. முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதைக் கேட்பதில்லை. கூட்டத்தின் நடுவே ‘ஒரு மாதம் கழித்து வாங்க’ என்று சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது அறிவுரை ஆகாது. எந்தத் தேதி, எந்த இடம், யாரைப் பார்ப்பது என்று அட்டையில் எழுதித் தர வேண்டியது முகாம் நடத்துபவர்களின் பொறுப்பு.

கண்ணாடி இல்லை என்று திருப்பி அனுப்பினால், ஆபரேஷன் தேதியும் அட்டை நகலும் இணைத்து, மாவட்ட பார்வை இழப்புத் தடுப்புச் சங்கத்தின் திட்ட மேலாளருக்கு மனு கொடுக்கலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குவது இன்னும் நல்லது. சுகாதார உதவிக்கு 104, ‘முதல்வரின் முகவரி’ குறைதீர் சேவைக்கு 1100. பதில் வராவிட்டால், 10 ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அலுவலகத்தில் நேரில் வாய்மொழியாகச் சொல்லும் புகாருக்குப் பதிவு கிடையாது. எழுத்தில் கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்துக் கடையில் வாங்கிய கண்ணாடி சீட்டில் உள்ள பவருக்கு மாறாக இருந்தால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரசீது இல்லாமல் அங்கே எதையும் நிரூபிப்பது கடினம். எல்லோருக்கும் முழு இலவசமாக நடக்கும் அரசுச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்கு மனுதான் வழி.

பரிசோதனையின்போது தொழிலைச் சொல்ல வேண்டும். வலையை எத்தனை அடி தள்ளிப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தே பவர் மாறும். படகில் ஏறி இறங்குபவர் மேலே தூரமும் கீழே அருகும் உள்ள இரட்டைக் கண்ணாடி போட்டால், கீழே பார்க்கையில் கால் வைக்கும் இடம் மங்கி வழுக்கும். அவருக்கு வலை வேலைக்கென்று தனிக் கண்ணாடியே நல்லது. நடைபாதைக் கடைக் கண்ணாடிகளில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிலிண்டர் இருக்காது. வீட்டுக்காரர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வதும் அப்படித்தான் முடியும்.

எல்லா மங்கலும் கண்ணாடியால் தீராது. ஆபரேஷனுக்குச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து லென்ஸுக்குப் பின்னுள்ள சவ்வு மங்கலாம். யாக் லேசரால் சில நிமிடங்களில் சரிசெய்து அன்றே வீடு திரும்பலாம். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டிருந்தால் பவரை மாற்றிப் பயன் இல்லை. வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு, மின்னல் போன்ற ஒளி, திரை விழுந்தது போன்ற நிழல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது. கிருமித் தொற்றாக இருந்தால் சில மணி நேரத் தாமதத்திலும் கண் போகலாம்.

ஆபரேஷன் நடந்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் பவர் பரிசோதனைக்குத் தடை இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்குப் போனால் போதும்.