கொல்கத்தாவில் சித்திரைப் பட்டம்

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது நாம் பிள்ளைப் பருவம் முதல் கேட்டுவரும் பழமொழி. உழுதவர் அனுபவத்தில் விளைந்த மொழியாதலின் அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அது எந்த மழையை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை மறந்து, கொல்கத்தாவிலும் ஆடி வரை விதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போமானால், நமக்கு மிஞ்சுவன அழுகிய நாற்றுகளே. இந்நகரில் வீடு எடுத்துத் தங்கிப் பயிலும் நம்மவர் சிலருக்கு மாடியிலோ கொல்லையிலோ சிறிது இடம் கிடைக்கின்றது. அங்கே வெயிற்காலக் காய்கறிகளை எப்பொழுது, எவ்வாறு பயிரிடுவது என்பதை இங்கே காண்போம்.

முதலில் மழையைக் கவனிப்போம். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. ஆடியில் பெய்வது அளவான மழை. விதை முளைக்க அது போதும். பெருமழை வருமுன் செடி வளர்ந்துவிடும். கொல்கத்தாவின் நிலை வேறு. இங்கு ஆண்டு மழை ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகின்றது. ஜூலை, ஆகஸ்டு ஆகிய இரண்டிலும் மாதத்திற்கு 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கின்றது. நம் ஆடி மாதமோ சரியாக இவற்றின் நடுவில் வருகின்றது!

ஆகவே, இங்கே செடி மழைக்கு முன்பே வேரூன்றி நிற்கவேண்டும். பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் தொடங்கும். ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறந்ததும் விதைத்தால், எட்டு வாரங்கள் கையில் இருக்கும். அந்த எட்டு வாரமே தோட்டக்காரனின் மூலதனம்.

இங்கே மாதப் பெயர்களால் ஒரு குழப்பம் நேரக்கூடும். வங்காளிகளும் நாமும் ஏப்ரல் நடுவிலேதான் புத்தாண்டு கொண்டாடுகிறோம். ஆனால் நமக்குச் சித்திரையாக இருக்கும் மாதம் அவர்களுக்கு வைசாகம். அவர்கள் 'சைத்ரம்' என்பது நம் பங்குனி. எனவே பக்கத்து வீட்டுப் பெரியவர், "வைசாகத்தில் விதை போடு" என்றால், அதை நம் வைகாசி என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வாறு எண்ணினால் எட்டு வாரத்தில் நான்கு வாரம் வீணாகிவிடும்.

இனி, எவற்றை விதைக்கலாம்? வெண்டை, பாகல், பீர்க்கு, புடலை, சுரை, பூசணி, காராமணி, தண்டுக்கீரை, கொடிப்பசலை ஆகியவை இப்பருவத்திற்கு ஏற்றவை. விதைக் கடையில் கேட்க வங்காளப் பெயர்களையும் அறிந்திருப்பது நலம். வெண்டைக்கு டேரோஷ், பீர்க்குக்கு ஜிங்கே, புடலைக்குச் சிச்சிங்கா, சுரைக்கு லாவு, பூசணிக்குக் குமுடோ, காராமணிக்குப் பொர்போட்டி, கொடிப்பசலைக்குப் புயி என்று பெயர். சிறு பாகலை உச்சே என்றும் பெரியதைக் கொரோலா என்றும் கூறுவர். தக்காளியை மட்டும் குளிர்காலத்திற்கு ஒதுக்கிவிடுக. இரவிலும் புழுக்கம் தணியாத நாட்களில் அதன் பூக்கள் காயாகாமல் உதிர்ந்துவிடும். வங்காளத்தார் விரும்பி உண்ணும் பட்டோலைப் பயிரிட விரும்புவோர் விதையைத் தேட வேண்டுவதில்லை. கொடித்துண்டுகளை நட்டே அதை வளர்க்கின்றனர். ஆண்கொடியும் பெண்கொடியும் தனித்தனியாதலால் இரண்டும் வேண்டும்.

வெண்டை விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஓரடிக்கு ஒன்றாக ஊன்றலாம். ஏறக்குறைய ஐம்பது நாளில் காய் பறிக்கலாம். பாகலுக்கும் சுரைக்கும் விதைத்தோல் கடினமானது. ஆதலின் ஒரு நாள் முழுதும் ஊறவைப்பது நன்று. தண்டுக்கீரை ஒரு மாதத்தில் கறிக்கு ஆகும்.

கொல்லை மண் கங்கை கொணர்ந்த வண்டல். பல இடங்களில் களிப்பு மிக்கது. வெயிலில் வெடிக்கும், மழையில் நீரை விடாது. வேருக்கு நீரைப் போலவே காற்றும் இன்றியமையாதது. நீர் தேங்கினால் காற்றின்றி வேர் அழுகும். எனவே பாத்தியைத் தரைமட்டத்திற்கு அரையடி உயர்த்தி, மட்கிய எருவைத் தாராளமாகக் கலந்துவிடுக. மாடியில் தொட்டி வைப்போர் அடித்துளையின் மேல் செங்கல் சில்லுகளைப் பரப்பிய பின்னரே மண்ணை நிரப்புதல் வேண்டும். உரத்திற்கு இங்கே எளிதில் கிடைப்பது கடுகுப் பிண்ணாக்கு. அதைச் சில நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து ஊற்றுவார்கள்.

சித்திரையில் விதைப்பவர் எதிர்பார்க்க வேண்டிய பகை ஒன்று உண்டு. அதுதான் கால்வைசாகி. மாலை வேளையில் வடமேற்கிலிருந்து திடீரென்று எழும் இப்புயற்காற்று, மூங்கிற்பந்தலையும் தூக்கி எறிய வல்லது. 2020ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் வீசிய அம்பன் புயலில் இந்நகரின் பெருமரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கொடிப்பந்தலை உயரமாக அமைக்காமல், சுவரையோ கைப்பிடியையோ ஒட்டித் தாழ்வாகக் கட்டுவதே அறிவுடைமை. ஆயினும் கால்வைசாகியை முற்றும் பழிப்பதற்கில்லை. வெந்த மண்ணுக்கு முதல் ஈரத்தைக் கொணர்வதும் அதுவே.

பூ நிறைய இருந்தும் காய் இல்லையே என்று சிலர் வருந்துவதுண்டு. சுரை, பூசணி, பாகல் முதலியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். உயர்ந்த மாடிகளுக்கு வண்டு வாராவிடில், ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுக. பூசணிக்கும் பாகலுக்கும் இதைக் காலையிலும், சுரைக்கும் பீர்க்குக்கும் மாலையிலும் செய்யவேண்டும். அவை மலரும் நேரம் அவ்வாறு.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகின்றது. அது முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாளே போதும். எனவே வாரம் ஒருமுறையேனும் தட்டுகளைக் கவிழ்த்துத் துடைத்தல் வேண்டும். நம் வீட்டுக் கீரைக்காக அண்டை வீட்டுக் குழந்தை காய்ச்சலில் விழுதல் ஆகாது.

மேலும் அறிய விழைவோர் அலிப்பூரிலுள்ள இந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திற்குச் சென்று வருக. வில்லியம் கேரி 1820இல் நிறுவிய அச்சங்கம், அயல்நாட்டுப் பயிர்களையும் இந்நாட்டு மண்ணையும் இணைத்துப் பார்க்கத் தோன்றியது. அங்கு கற்பதும், நம் பழமொழி கற்பிப்பதும் ஒன்றே. "தேடி விதை" என்றார்கள் முன்னோர். தேட வேண்டியது மாதத்தின் பெயரையன்று, அம்மண்ணுக்குரிய பருவத்தை. கொல்கத்தாவில் அது சித்திரை.